ஒரு விரல் அகலம்

அன்பு மகள் வெசெலாவுக்கு,

நீ செய்தது தவறு. உன் தங்கை ரலிட்சா கேட்காமலே, அவள் கழுத்தில் இருக்கும் அறுவைத் தழும்பை மறைக்கட்டும் என்று, கழுத்தை ஒட்டிக் கட்டும் சோக்கரை ஒரு விரல் அகலம் கூடுதலாகக் கடையில் வாங்கி அனுப்பினாய். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். ஸ்பெயினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ருசேயில் லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, மாடி ஏறி இறங்கி என் முட்டி ஓய்ந்துவிட்டது, உன் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கவில்லை, ஆனாலும் மிளகாய் ஊறுகாயை விடமாட்டேன் என்கிறாள்.

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து ரலிட்சா சாப்பிடும்போதுகூட மப்ளரைக் கழற்றியதில்லை, அது உனக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க அந்த விண்வெளித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் என்னிடம் வந்து, சோஃபியாவில் வேடமிட்டு மேடையேறும் காஸ்ப்ளே விழாவுக்கு அதில் வரும் கப்பலோட்டிப் பெண்ணைப் போலவே உடுத்திக்கொண்டு போகப் போவதாகவும், திரையில் இருக்கிற மாதிரியே சோக்கர் செய்து தர வேண்டும் என்றும் கேட்டாள். டிராலிபஸ் ஓட்டினவனுக்கு நகை வேலை என்ன தெரியும்? படத்தை நிறுத்தி நிறுத்தி, டிவி மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். சோக்கரில் பதிக்கிற வட்ட வில்லைகள் முட்டை வடிவத்தில் வந்தன. அவள் சிரித்துவிட்டாள், "அப்பா, நம்ம டிவி படத்தை இழுத்துக் காட்டுது, அதுல எல்லாருமே குண்டாத்தான் தெரிவாங்க" என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. டிவியைச் சரிசெய்து மறுபடி அளந்தேன். அம்மாவின் பழைய பூட்ஸிலிருந்து தோல் வார் அறுத்தேன், ரக்கியா சாராயம் காய்ச்சி ஓட்டையாகிப்போன கொப்பரையிலிருந்து செம்பு வெட்டி, மரக்குழியில் வைத்துத் தட்டித் தட்டிக் குமிழாக்கினேன். திரையில் இருக்கும் கறுப்பு வர, அவித்த முட்டையை மசித்து ஜாடியில் செம்போடு போட்டு மூடி வைத்தேன். நாற்றத்தில் உன் அம்மா, "கோழி முட்டை போடுறது மனுஷன் திங்கவா, உங்க தகரம் திங்கவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நிறம் வந்தது.

வார் குறுகலாகத்தான் இருந்தது, தழும்பு அதற்குக் கீழே தெரியும். எனக்கும் மனம் கேட்காமல், கொஞ்சம் அகலமாக வெட்டட்டுமா என்று கேட்டேன். "மறைக்கணும்னா மப்ளரே போதும்ப்பா. அந்தக் கப்பலோட்டி போடுறது இவ்வளவுதான், எனக்கும் இவ்வளவே போதும்" என்றாள். கண்ணாடி முன்னால் கட்டிக்கொண்டவள், மப்ளரை ஆணியில் மாட்டிவிட்டு, அப்படியே கீழே இறங்கிப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள், ரலிட்சாவுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

அம்மா போனில் சொல்லக் கேட்டு நீ அனுப்பிய பார்சல் மறுவாரம் வந்தது. பளபளப்பாகத்தான் இருந்தது. உன் சீட்டில் 'இது நல்லா மறைக்கும்டா செல்லம்' என்றிருந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்காவாலயே இதப் பாக்க முடியல போல" என்றாள். மப்ளர் கழுத்துக்குத் திரும்பிவிட்டது. சோஃபியா பேச்சை எடுத்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என் வேலையை நீ மதிக்கவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு, அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். "நல்லதுதானே நெனச்சேன், நாலு பேர் பாப்பாங்களே" என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். நாலு பேர் பார்க்கத்தானே அவள் மேடை ஏற இருந்தாள். நீ கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் செய்தது தவறுதான், அதிலிருந்து நான் இறங்கி வரமாட்டேன். எனக்கு அலுத்துவிட்டது மகளே, அந்தக் கதவைத் தட்டித் தட்டி.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன், மறக்காதே. நீ அனுப்பியதை நான் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அம்மா அவள் பின்னாலேயே மப்ளரும் கையுமாக நடப்பதை நிறுத்த வேண்டும், சொல்லிவிட்டேன். ரலிட்சா எதுவும் செய்ய வேண்டாம், போவதும் போகாததும் அவள் இஷ்டம், யாரும் கேட்கக் கூடாது. நீ விழா நாளான மே மாதக் கடைசிச் சனிக்கிழமை சோஃபியாவுக்கு வர வேண்டும், போனில் மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்கக் கூடாது. அவள் மேடை ஏறினால் முன்வரிசையில் உட்கார். அவள் வராவிட்டால் அங்கிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வா. எங்கே பார்த்தாலும் முதலில் அவள் கழுத்தைப் பார், கண்ணை எடுக்காமல் பார், அதற்குப் பிறகு பேசு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா,
ஸ்டாமென்