கோணிப் போர்வையும் வெந்தயக் கஞ்சியும்

ராஸ் அல் கைமா தோட்டம்
16-1-1976, வெள்ளி

அன்புள்ள பங்காளி சோலைமுத்துவுக்கு,

கார்மேகம் எழுதுவது. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, ஒரு வரி பள்ளத்தில் இறங்குகிறது. பொறுத்துக்கொண்டு படி. யாரும் எழுதித் தரவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன்! இந்த வயதில்! நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

நீ ஷார்ஜா போனபின் உன் வேலைக்கு வந்திருக்கும் சேகு முகம்மதுதான் சொல்லிக் கொடுத்தார். கீழக்கரைக்காரர், தங்கமான மனிதர். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரியால் எழுதி எழுதி அழித்தேன்.

போன வாரம் இங்கே பேய் மழை, பேய்க் காற்று. மலையிலிருந்து வெள்ளம் வந்து ரோட்டைக் கொண்டுபோய்விட்டது. ஷார்ஜாவுக்குப் போகும் சித்தீக்கின் காய்கறி லாரி வரவில்லை. நம் ரூம் கீற்றெல்லாம் பறந்துவிட்டது. நானும் சேகுவும் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இஞ்சினை ஓட்டி நிறுத்தினால் வெகுநேரம் சூடு நிற்கிறது. அதன் பக்கத்திலேயே படுத்தோம்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பூண்டு, வெந்தயம், தேங்காய்ப் பால் போட்டு நோன்புக்குக் காய்ச்சுவது போல ஒரு கஞ்சி காய்ச்சினார் பார், அடடா! நான் குடித்த வேகத்தைப் பார்த்து, "அண்ணே, சட்டிய விட்டுருங்க, நாளைக்கு வேணும்" என்றார். அவரிடம் போர்வை இல்லை. நீ வைக்கோல் திணித்துத் தைத்த கோணிப் போர்வையைக் கொடுத்தேன். நன்றாகத் தூங்கினார்.

நம் முதலாளி அர்பாப் உன்னைக் கேட்டார். மார்ச்சில் தோட்டத்துக்கு இன்னொரு ஆள் எடுக்கிறாராம். திரும்பி வருகிறாயா? பதிலை சித்தீக்கிடம் கொடுத்துவிடு.

உன் பங்காளி,
கார்மேகம்


ஷார்ஜா காம்ப்
22-1-1976

கார்மேகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதக் கற்றுக்கொண்டதில் சந்தோஷம்.

ஆறு வருஷம் உன் பெண்டாட்டி பூவாயிக்கு உன் கடிதமெல்லாம் எழுதியவன் நான். "வாடா, நாலு எழுத்துச் சொல்லித் தாரேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? "போடா, இனிமே படிச்சு நான் என்ன கலெக்டராகப் போறேனா" என்பாய். நேற்று வந்தவர் கூப்பிட்டதும் கரிக்கட்டையோடு உட்கார்ந்துவிட்டாய்.

நான் ரசத்தில் வெந்தயம் தாளித்தால் தட்டைத் தள்ளிவிடுவாய். இப்போது சட்டியோடு குடிக்கிறாயாம். தேங்காய்ப் பால் உனக்குச் சேராது. ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். தடவிவிட அவர் எழுந்தாரா என்று எழுதவில்லையே?

இஞ்சின் பக்கத்தில் படுத்தால் குளிராது என்று கண்டுபிடித்தது யார்? அதையாவது அவரிடம் சொன்னாயா?

அந்தப் போர்வையை நான் விட்டுவந்தது உனக்கு.

இங்கும் மழைதான். தகரம் ஒழுகுகிறது. எண்பது பேருக்குச் சமைத்துப் போட்டேன். நான் நன்றாக இருக்கிறேன்.

உனக்குத்தான் துணைக்கு ஆள் இருக்கிறதே. சோலைமுத்து வரமாட்டான் என்று அர்பாபிடம் சொல்லிவிடு. கலாஸ், அவ்வளவுதான்.

சோலைமுத்து


ராஸ் அல் கைமா தோட்டம்
30-1-1976, வெள்ளி

அன்புள்ள பங்காளி சோலைமுத்துவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். சேகுவிடம் காட்டவில்லை. காலையில் ஆரம்பித்தது, வெயில் ஏறிய பிறகுதான் முடிந்தது. கோபமாக எழுதினாலும் உன் எழுத்து அழகுதான்.

தேங்காய்ப் பால் சேரவில்லை. நீ சொன்னது போலவே உட்கார்ந்திருந்தேன். சேகு குறட்டை விட்டார். போதுமா? சந்தோஷமா?

எண்பது பேருக்குப் போட்டேன் என்கிறாய். நீ என்ன சாப்பிட்டாய் என்று எழுதவில்லை. கடைசியில் சட்டியைச் சுரண்டிக்கொண்டு ஈரத்தில் படுத்திருப்பாய். எனக்குத் தெரியாதா?

நீ கூப்பிட்டபோது ஏன் கற்கவில்லை என்கிறாய். நீ பக்கத்தில் இருந்தாய், எனக்கு எழுத்து எதற்கு? பூவாயிக்கு எழுத நீ இருந்தாய். நீ ஷார்ஜா போன பிறகு உனக்கு எழுத யார் இருந்தார்கள்? "சொல்லுங்கண்ணே, நான் எழுதித் தாரேன்" என்றார் சேகு. எதிரே உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "சௌக்கியமான்னு மட்டும் போடுங்க" என்றேன். பிறகு அதையும் கிழிக்கச் சொல்லிவிட்டேன். அதனால்தான் கரிக்கட்டையை எடுத்தேன். இந்தக் கையால் நான் எழுதிய முதல் கடிதம் உனக்குத்தான். பூவாயிக்குக்கூட இன்னும் எழுதவில்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

சேகு புதுப் போர்வை வாங்கிவிட்டார். உன் கோணியைப் பிரித்து, நனைந்த வைக்கோலைக் கொட்டி, புது வைக்கோல் திணித்து வைத்திருக்கிறேன். வாயைத் தைக்க எனக்கு வரவில்லை. குத்தியதில் விரல்தான் போனது. உன் கோணி ஊசி அதே ஆணியில் இருக்கிறது. தோட்டத்துக்கு இன்னொரு ஆளையும் அர்பாப் இன்னும் எடுக்கவில்லை.

நீ வரமாட்டாய் என்று அர்பாபிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் நீயே வந்து சொல்.

கை வலிக்கிறது. நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும், அடுத்த வெள்ளிக்கிழமை சித்தீக்கின் லாரியில் என் கடிதம் வரும்.

உன் பங்காளி,
கார்மேகம்