கிதர் பாயின் எஞ்சினுக்கு மூச்சு

26-9-1960, திங்கள்

காலையில் கிதர் பாயின் பட்டறைக்குப் போனேன். பள்ளியை விட்டு ஓய்வு பெற்ற நான்கு வருஷமாக என் கால்கள் அந்தப் பக்கம்தான் போகின்றன. உத்திரமேரூரில் பாதிப் பேர் அவரைப் பம்ப்செட் மெக்கானிக் என்கிறார்கள், மீதிப் பேர் கிறுக்கர் என்கிறார்கள். யுத்த காலத்தில் விமானப்படைத் தளத்தில் எஞ்சின் பார்த்தவர். ஆறு வருஷமாகக் கொட்டகையில் ஒற்றை ஆள் விமானம் ஒன்று கட்டி வருகிறார். உடம்பு மரம், எஞ்சின் பழைய காருடையது. இறக்கைத் துணி முழுவதும் அவர் மனைவி நூருன்னிசா கையால் தைத்தது. மீனம்பாக்கத்தில் பறக்கக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டார்.

இன்று அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது. எண்ணெய் ஒரு சொட்டு வீணாகவில்லை. அடியிலிருந்து தொங்கும் சுண்டுவிரல் கனமுள்ள குழாயில் மட்டும் மெல்லிய புகை.

"இன்னா வாத்தியாரே, பீடி புடிக்குது பாத்தியா?" என்றார் பாய்.

அது மூச்சுக்குழாய். சிலிண்டரில் வெடிக்கும் காற்றில் கொஞ்சம் கீழே கசிந்து எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். சோறு கொதிக்கும்போது மூடியைச் சற்றுச் சாய்த்து வைக்கிறோமே, அதே கதை. ஆறாம் வகுப்பில் ஆவிப் பாடத்துக்கு முப்பது வருஷம் அந்தப் பானையைத்தான் உதாரணம் சொன்னேன்.

அடுத்த மாதம் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து விமானத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் சரி என்றால் ஏரி உள்வாயின் காய்ந்த தரையில் ஓட்டிப் பறக்கலாம். ஐப்பசி மழை இறங்கினால் அந்தத் தரை தண்ணீருக்குள் போய்விடும். பிறகு அடுத்த கோடைதான். பாய்க்கு வயது ஐம்பத்தெட்டு, பார்வை மங்கி வருகிறது. அடுத்த வருஷம் லைசென்சைப் புதுப்பிப்பார்களா என்ற பயம் அவருக்கு. சொல்வதில்லை.

29-9-1960, வியாழன்

ஆயுத பூஜை. என் மனைவி தேவகி அரைத்துக் கொடுத்த சந்தனத்தோடு பாய் பட்டறைக்குப் போனேன். நூருன்னிசாதான் முதலில் கேட்டது: "ஊர்ல கீற கலப்பைக்கெல்லாம் பொட்டு வெச்சிக்கினு வர்றீங்க வாத்தியாரண்ணே. எங்க வண்டி இன்னா பாவம் பண்ணுச்சி?"

ஒரு நட்டையும் விடாமல் பொட்டு வைத்தேன். சாமந்திப் பூதான் எதிலும் நிற்காமல் உருண்டது. ஒன்றுக்காவது நல்ல இடம் கிடைத்ததே, திருப்தி. நாளை மறுபூஜை ஆகும்வரை எதையும் தொடக்கூடாது என்றேன். "தொடலைப்பா," என்று பாய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

30-9-1960, வெள்ளி

விஜயதசமி. மறுபூஜை ஆயிற்று. பொரி, கடலை. நல்ல வெயில்.

1-10-1960, சனி

எப்படி எழுதுவது. எஞ்சினை முடுக்கிய ஏழாவது நிமிஷம் முன்விசிறிக்குப் பின்னாலிருந்து எண்ணெய் பீறிட்டது. பாயின் முகம், சட்டை, இறக்கைத் துணி எல்லாம் கறுப்பு. முன்பக்கத்து எண்ணெய் அடைப்பு வளையம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அந்த வளையம் உட்காரும் இடம் பாய் தன் லேத்தில் கடைந்தது.

"என் கைதான் சரியில்ல," என்றார்.

2-10-1960, ஞாயிறு

அளந்து அளந்து பார்க்கிறார். அளவு சரியாகத்தான் இருக்கிறது. அதனால் தன் கண்ணையே நம்ப மறுக்கிறார். இன்ஸ்பெக்டருக்கு, வர வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை தபாலில் போடுவாராம்.

3-10-1960, திங்கள்

எண்ணெய் துடைக்க உதவப் போனேன். பாய் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். குனிந்து அடிப்பக்கம் துடைக்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மஞ்சளாக இருந்தது. விரலால் தடவினேன். கல் மாதிரி இறுகியிருக்கிறது. நடுவில் ஒரு பச்சைக் காம்பு.

நான் செருகிய சாமந்தி. பூ உதிர்ந்துவிட்டது. காம்பு ஆடாமல் நிற்கட்டும் என்று சுற்றிலும் சந்தனத்தை நான்தானே திணித்தேன்—இந்தக் கட்டைவிரலால். அது காய ஒரு நாள் தொடாதே என்று கட்டளை வேறு. மூச்சு போக வழியில்லாமல் முன்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

முப்பது வருஷம் பானை மூடி, பானை மூடின்னு கத்தினியே, உனக்கு யாருடா வாத்தியார் வேலை குடுத்தது?

பாய் வந்தார். சொல்ல வாயெடுத்தேன். வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

4-10-1960, செவ்வாய்

தேவகியிடம் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அந்த மனுசன் தபாலாபீஸ் போறதுக்குள்ள ஓடுங்க," என்றாள்.

ஓடினேன். பாதி வழியில் பிடித்தேன். நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டறைக்குத் திரும்பி நடந்தார். நான் பின்னால். தரையில் மல்லாந்து படுத்துக் குழாயைப் பார்த்தார். மூக்கை வைத்து மோந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. வயிறு குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"நூரு, இங்க வா. நம்ம வண்டிக்கு வாத்தியாரு மூக்குத்தி போட்டுக்கீறாரு."

அந்த அம்மா குனிந்து பார்த்தது. "துணி தொவைக்கிறது நானாச்சே. சவுக்காரம் உங்க செலவு வாத்தியாரண்ணே."

பாய் பையிலிருந்த கடிதத்தைக் கிழித்தார். "என் கை நல்லாத்தான் கீது," என்றார். இரண்டு தரம் சொன்னார்.

6-10-1960, வியாழன்

பழைய வளையம் பயன்படாது. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்துக்குத் தோல் சால் தைக்கும் எல்லப்பன், விளக்கெண்ணெயில் ஊறவைத்த தோலில் புது வளையம் வெட்டித் தந்தான். "கெணத்துத் தண்ணிய நிறுத்துற தோலு, உன் எண்ணெயயா வுட்டுடும்?" என்றான்.

எனக்கு ஒரு யோசனை. புல்லாங்குழலில் ஒரு துளையை மூடினால் காற்று அடுத்ததில் போகிறது. மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஒரு கீறல் வைத்தால் என்ன? வாய் அடைபட்டாலும் அந்த வழியாக மூச்சு விடுமே. பாய் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

10-10-1960, திங்கள்

இன்ஸ்பெக்டர் ராஜாராம் அதிகம் பேசாதவர். எல்லாம் பார்த்தபின், எஞ்சின் ஓடும்போதே குழாயின் வாயைக் கந்தலால் பொத்திப் பிடித்தார். எனக்கு உயிர் போய் வந்தது. கீறல் வழியாகப் புகை வந்தது. தோல் வளையத்தில் ஈரம்கூட இல்லை.

"நல்ல ஏற்பாடு. யார் யோசனை?"

"வாத்தியாருது சார். மொதல்ல அடைச்சதும் அவருதான்."

காரணம் கேட்டு அறிந்தவர், காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

14-10-1960, வெள்ளி

பறந்தார்.

ஏரி உள்வாயில் ஊரே நின்றது. சக்கரம் தரையை விட்டதும் யாரும் கூச்சல் போடவில்லை, எல்லோரும் வாய் திறந்தபடி. திருப்புலிவனம் வரை போய், கோபுரத்தைச் சுற்றித் திரும்பினார். பதினோரு நிமிஷம். நூருன்னிசா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, "தையல் விடலை, தையல் விடலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. இறங்கியவுடன் நான் வயிற்றடியில் குனிந்து பார்த்தேன். குழாய் நுனியில் ஒரே ஒரு சொட்டு. அதை விரலில் தொட்டு வீடு வரை துடைக்காமல் வந்தேன்.

17-10-1960, திங்கள்

மழை. ஏரிக்கு நீர் வருகிறது. வரட்டும்.

18-10-1961, புதன்

ஆயுத பூஜை. விமானம் நாற்பத்தொரு மணி நேரம் பறந்தாகிவிட்டது. பாய் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார், லைசென்சும் புதுப்பித்தாயிற்று. சந்தனக் கிண்ணமும் சாமந்தியும் கொண்டு நான் நுழைந்ததும், அவர் எழுந்துபோய் மூச்சுக்குழாயின் வாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டார். பூஜை முடியும்வரை எடுக்கவில்லை.

கடைசியாக அந்த நகத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தேன்.