பெட்டியில் முந்தி எழுதிய பதவி

ஏனுங்க, ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்களோடு நான் சண்டை போட்ட லீவு நாள்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. சண்டை மட்டும் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கிணத்துக்கடவில் உங்கள் அண்ணன் வீட்டில் இருந்தோம். நீங்கள் அப்போது கர்னல். பிரிகேடியர் பதவிக்கான முடிவு வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் நம் கறுப்பு டிரங்குப் பெட்டியில் பழைய பதவியை அழித்துவிட்டுப் புதியதை வெள்ளை பெயின்டால் எழுதுவது என் வேலை. எனக்கு எங்கே பொறுமை! முடிவு வருமுன்னே 'பிரிகேடியர்' என்று எழுதி வெயிலில் காயவைத்தேன். உங்கள் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மத்தியானம் போன் வந்தது. உங்கள் பெயர் இல்லை. உங்களிடம் வேலை கற்ற ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின குளிர்காலத்தில் வடக்கே, உங்களுக்குக் கீழிருந்த ஒரு கேப்டன் அனுப்பிய லாரி பனிச்சாலையில் சறுக்கி, இரண்டு ஜவான்களுக்குக் கால் ஒடிந்தது. விசாரணையில், 'தவறு என்னுடையது' என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

"லாரிய அனுப்புனது அந்தக் கேப்டன்தானுங்க! அவரு பேர எழுதியிருந்தா என்னவாம்?" என்று கத்தினேன்.

"இருட்டறதுக்குள்ள போயாகோணும்னு சொன்னது நான் அம்மணி. அவரு பேர எப்படி எழுதறது?"

"அப்ப ஊருக்குள்ள நம்ம மானம் போனாப் பரவால்லீங்களா?"

நீங்கள் கறுப்பு பெயின்டை எடுத்து, பெட்டியிலிருந்த 'பிரிகேடியர்' மேல் பூசப் போனீர்கள். இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை.

லீவு முடிந்து முகாமுக்குத் திரும்பினோம். உங்களிடம் வேலை கற்ற அந்தப் புது பிரிகேடியரே உங்களுக்கு மேலதிகாரியாகப் பொறுப்பேற்க வந்தார். ராணுவத்தில் வயதெல்லாம் செல்லாது. பதவியில் கீழே இருப்பவர்தான் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும்; மேலே இருப்பவர் கையை இறக்கிய பிறகே தானும் இறக்க வேண்டும். அந்தக் கண்றாவியைப் பார்க்க வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். "வந்து பாரு கண்ணு" என்றீர்கள். மற்ற ஆபீசர்களின் மனைவிமாரோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நீங்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தீர்கள். பதில் சல்யூட் அடித்த அவரோ, நீங்கள் முதலில் இறக்கட்டும் என்று தன் கையை இறக்காமலே நின்றார்.

அடப்பாவமே, இந்த மனுஷனுக்கா மானம் போகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வந்த கர்வம் எந்தப் பதவி உயர்வுக்கும் எனக்கு வந்ததில்லைங்க.

கர்னலாகவே ஓய்வு பெற்றீர்கள். இன்றைக்கும் யாராவது உங்கள் பதவியைக் கேட்டால், "கர்னலுங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். நீங்கள் இருந்தபோது உங்கள் காதில் விழ ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.