மஞ்சள் மழைக்கோட்டு

ஜூன் 3

என் அருமை வாலு,

நான் நலம். நீயும் நலம் என்று உன் இரண்டு வரிக் கடிதத்திலிருந்து ஊகித்துக்கொண்டேன். ‘நமக்குள் கடிதம் காகிதத்தில்தான்’ என்ற ஒப்பந்தத்தை இவ்வளவு சிக்கனமாக நிறைவேற்றுவாய் என்று நினைக்கவில்லை.

அலுவலகத்தில் என்னிடம் வேலை கற்றவன் இப்போது எனக்கு மேலாளர். கம்ப்யூட்டர் படுத்தால் மட்டும் “சார், கொஞ்சம் வாங்க” என்கிறான். போகட்டும்.

பிறந்தநாளுக்கு அனுப்பிய டேப்லெட்டை ஒழுங்காகப் பயன்படுத்துகிறாயா? நான் சொன்ன விதிகளை மறக்காதே. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, பெற்ற அப்பனிடம்கூட. ஒருவர் எதிரில் வாசிக்க முடியாததை அவரைப் பற்றி எழுதாதே. மாதம் ஒருமுறை உன் கணக்கு வேறு எங்காவது திறந்திருக்கிறதா என்று பார். உன் அம்மா இதெல்லாம் சொல்லித்தர மாட்டாள். என் டைரியை எடுத்துத் தன் அண்ணன்களுக்கு வாசித்துக் காட்டியவள்தானே.

நான் வாங்கித் தந்த மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறதென்றால் என்னிடமே சொல்லியிருக்கலாம். மாற்றித் தந்திருப்பேன்.

லீவுக்கு உன் அறை தயார்.

அன்புடன்,
அப்பா

ஜூன் 9

அப்பா,

பூசணிக்காய்னு நான் உங்ககிட்ட சொல்லலை. அம்மாகிட்டயும் சொல்லலை. என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு மட்டும்தான் மெசேஜ் அனுப்பினேன்.

அவதான் போட்டுக்கொடுத்துட்டான்னு ரெண்டு நாள் அவகூடப் பேசலை. அழுதா. அப்புறம் உங்க மூணாவது விதிப்படி போய்ப் பார்த்தேன். என் கணக்கு இன்னொரு கம்ப்யூட்டர்லயும் திறந்திருந்தது, டேப்லெட் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே. உங்க ஆபீஸ் பேரே அதுல இருந்தது. மூடிட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க.

அம்மாகிட்ட சொன்னேன். உங்களைத் திட்டுவாங்கன்னு பார்த்தா, “உங்கப்பாவையே கேளு, என்னை இழுக்காதே”ன்னுட்டு துணி மடிக்கப் போயிட்டாங்க.

அந்த டைரிக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? ஒவ்வொரு தடவையும் நான் உங்க பக்கம்தான் இருந்தேன்.

லீவுக்கு வரதா வேண்டாமான்னு தெரியலை.

உங்கள் மகள்
(‘அன்புடன்’ போட மறக்கலை. போடலை.)

ஜூன் 17

வாலு,

உனக்கு மூன்று பதில் எழுதினேன். முதலாவது, பதின்மூன்று வயதுப் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி நாலு பக்கம். இரண்டாவது முழுக்க உன் அம்மாவைப் பற்றி. இரண்டையும் உங்கள் இருவர் எதிரில் வாசிப்பதாக நினைத்துப் பார்த்தேன். வாய் வரவில்லை. கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

ஆமாம், படித்தேன். டேப்லெட்டை அனுப்புவதற்கு முன்பே, அதில் உன் கணக்கைத் தொடங்கியபோதே, அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டேன். எனக்கு இரண்டு வரி எழுதுகிறவள் அந்தப் பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். அதில் சிரித்தாய். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். “எங்கப்பா பாவம்டி” என்று ஒருநாள் எழுதியிருந்தாய். அதோடாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

உன் தோழியிடம் அவள்மேல் தப்பில்லை என்று சொல். தப்பு யாருடையது என்றும் சொல்.

புதுப் பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம். நீ எழுதினால் படிப்பேன், இரண்டு வரியானாலும். எழுதாவிட்டால் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்வேன். தேடிக்கொண்டு வரமாட்டேன். லீவுக்கு வருவது உன் இஷ்டம். உன் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

அப்பா

பி.கு.: இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. அவள் அண்ணன்கள் வந்திருந்தால் அவர்களுக்கும்.