நோ மே திகாஸ்

மார்ச் 4, செவ்வாய்

மழை. ஆலையில் இன்று நெத்திலி அதிகம். முள் எடுத்தெடுத்து விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்திருக்கிறது. மாலை நகராட்சி ஸ்பானிய வகுப்பு. வாத்தியார் இன்யாக்கி தெருப்பேச்சு எடுத்தார். ‘ஓஸ்தியா’ என்றால் நற்கருணை அப்பம். ஆனால் இந்த ஊரில் கால் இடித்தாலும் அதுதான், கோல் அடித்தாலும் அதுதான். சிரித்தோம்.

பிறகு பலகையில் ‘நோ மே திகாஸ்’ என்று எழுதினார். “இதை அப்படியே எடுத்துக்காதீங்க. ‘என்கிட்ட சொல்லாதே’ன்னு அர்த்தமில்ல. ‘ஐயோ, அப்படியா! மேல சொல்லு’ன்னு அர்த்தம்.”

நான் சிரிக்கவில்லை.

மார்ச் 5

கை ஓடவில்லை. ஒரே நினைப்பு.

இந்தச் சாந்தோன்யா ஊருக்கு வந்த முதல் வருடம். ஆலைச் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் நியேவெஸ். தன் உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் பாதியைத் தினமும் என் டப்பாவில் வைப்பாள். ஒரு நாள் முதன்முதலாக வாயைத் திறந்தேன். “ஊர்ல என் மக, என் தங்கச்சியை அம்மான்னு கூப்பிடுறா.”

நியேவெஸ் கண்ணை விரித்தாள். “நோ மே திகாஸ்!”

அந்த மூன்று சொல்லையும் எனக்குத் தெரிந்தபடி தனித்தனியாகப் பொருள் கூட்டினேன் — என்னிடம் சொல்லாதே. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன். மறுநாளிலிருந்து வேறு மேசை.

மார்ச் 6

அவள் கேட்டாளே! “மக்வாலா, என்னடி ஆச்சு?” இரண்டு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சொல் பிறகும் எத்தனையோ பேர் வாயில் காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் வந்தது. பொருள் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 8

இதையும் எழுதத்தான் வேண்டும். போன நவம்பரில் அவள் கணவர் ஃபெர்மின் இறந்தார். அடக்கத்துக்கு ஆலையே போனது. நான் போகல. ‘என் துக்கம் அவளுக்கு வேண்டாம், அவ துக்கம் எனக்கெதுக்கு’ — அப்படித்தானே நினைச்சே? வீட்டில் உட்கார்ந்து திரைச்சீலை துவைச்சே. மனுஷியா நீ?

அதோடு அவள் வேலையை விட்டுவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். துறைமுகத்துக்குப் பின் தெரு, மூன்றாம் மாடி. கதவைப் பாதி திறந்தாள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டாள்.

“அந்த ஒரு வார்த்தைக்கா? மூணு வருஷமா?”

“ஆமா.”

சிரிப்பு நின்றது. “நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு ஃபெர்மின்கிட்ட எத்தனை நாள் புலம்பியிருக்கேன் தெரியுமா?” கதவைப் பிடித்தபடியே, “அடக்கத்தன்னிக்குக் சர்ச் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்டி. மக்வாலா எப்படியும் வந்துடுவான்னு.”

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்றாள். “நானே கூப்பிடறேன், என்ன? ஒரு நாள் காபி குடிக்கலாம்.” கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். கதவு.

மார்ச் 17

இன்னும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

வகுப்பில் இன்று விடைபெறும் பேச்சு. “கிளம்பும்போது ஒருத்தர் ‘நானே கூப்பிடறேன்’னா என்ன அர்த்தம்?” என்று இன்யாக்கி கேட்டார்.

புதிதாகச் சேர்ந்த ஆர்மீனியப் பெண், “போன் பண்ணுவாங்க” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்பெடுப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.