பார்க்கவும் பார்த்துக்கொள்ளவும்

டாம்லின், மின்னசோட்டா
சனிக்கிழமை, நவம்பர் 14, 1981

அன்புள்ள மிஸஸ் பிரெபிச் அவர்களுக்கு,

என்னை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் இதைப் பார்ப்பீர்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றிருப்பீர்கள், அதனால் முதலில் நல்ல செய்தி. ஜோயிக்குக் கீழ்ப்பல் முளைத்துவிட்டது. பழக்கூழ் ஊட்டும்போது கரண்டியில் டிக்கென்று ஒரு சத்தம். அவன் அழவில்லை, நான்தான் கத்திவிட்டேன். கார்லா உங்கள் வீட்டுக்காரருடைய ஷூ பாலிஷை எடுத்துப் பூனைக்குப் பூசிவிட்டாள். ஏன்டி என்றால், "அது நாளைக்கு சர்ச்சுக்குப் போகுது" என்கிறாள். பூனையைக் குளிப்பாட்டிவிட்டேன். பூனை நலம், என் கைதான் கீறல். நிக்கி மீன் வேண்டாமென்று மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நானும் தட்டோடு மேசைக்கடியில் போனேன். இரண்டு துண்டு இறங்கியது.

இன்னொரு விஷயம். இதைக் காரில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் களைத்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நான் உங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தபோது எனக்குப் பதிமூன்று வயது. ஜோயி பிறக்கவே இல்லை. மணிக்கு ஒரு டாலர் என்று பேசினோம். இப்போது மூன்று குழந்தைகள், எனக்குப் பதினைந்து வயது, அந்த ஒரு டாலர் மட்டும் அப்படியே இருக்கிறது. மணிக்கு இரண்டு டாலர் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரெனே ஹக்கலா

---

புதன்கிழமை, நவம்பர் 18

என் கண்ணு ரெனே,

உன் கடிதத்தைப் படித்து பல் விஷயத்துக்குச் சிரித்தேன், மீதிக்குச் சிரிக்க முடியவில்லை. நீ எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. கார்லா ராத்திரி ஜபம் செய்யும்போது அப்பா பேருக்கு முன்னால் உன் பேரைச் சொல்கிறாள், தெரியுமா? ஃப்ராங்குக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஆனால் நிலைமையை நீயே பார்க்கிறாய். சுரங்கத்தில் ஃப்ராங்குக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். உன் அப்பாவுக்கும் அதேதானே. எனக்கு ஆஸ்பத்திரியில் வருவதே கொஞ்சம்தான், அதில் உனக்கு இரண்டு கொடுத்தால் நான் எதற்கு வேலைக்குப் போகவேண்டும்? கிறிஸ்மஸ் போகட்டும், பார்க்கலாம். பையில் ஒரு ரோஸ் நிற ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் போட்டேன். உனக்கு அழகாக இருக்கும்.

உன் இன்னொரு அம்மா மாதிரி,
லொரேன் பிரெபிச்

---

சனிக்கிழமை, நவம்பர் 21

அன்புள்ள மிஸஸ் பிரெபிச் அவர்களுக்கு,

ஸ்வெட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. துவைத்து மடித்து உங்கள் வீட்டு நாற்காலி மேலேயே வைத்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை நான் போட்டுக்கொண்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு என் மேல் கோபம். "அவங்களே கஷ்டத்துல இருக்காங்க. குடுத்ததை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு பொண்ணு காசு காசுன்னு அலையுதுன்னு இந்த ஊர்ல பேர் வந்தா அப்புறம் போகாது" என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எவ்வளவு கேட்ட?" என்றார். இரண்டு என்றேன். "மூணு கேட்டிருக்கணும். அவங்க ரெண்டுக்கு இறங்கி வந்திருப்பாங்க" என்றார். அம்மா அவரை முறைத்தாள்.

கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை உங்கள் வாசலில் பனியை வாரிக் கொட்டியதற்கு டேல் ஓல்சனுக்கு நான்கு டாலர் கொடுத்தீர்கள். பள்ளிப் பேருந்தில் அவனே காட்டினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பனிக்குக் காய்ச்சல் வராது. பனி மாடிப்படியில் ஏறி விழாது. டேல் அதை விட்டுவிட்டுப் போனாலும் வசந்தத்தில் அது தானாகவே போய்விடும்.

நான் ஆரம்பித்தபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்றீர்கள். பிறகு பாத்திரம் வந்தது. பிறகு மிஸ்டர் பிரெபிச்சின் சட்டைகளுக்கு இஸ்திரி. கோடையிலிருந்து சனிக்கிழமைகளில் உங்கள் தங்கை ஆஞ்சியின் இரட்டையர்களும். ஒவ்வொன்றுக்கும் நான் சரி என்றேன். சரி என்றதுதான் என் தப்பு.

கிறிஸ்மஸ் வரை காத்திருக்க முடியாது. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு டாலர் வேண்டும்.

அன்புடன்,
ரெனே

பி.கு.: ஜோயிக்கு வயிறு சரியில்லை. ராத்திரி பால் குறைவாகக் கொடுங்கள்.

---

புதன்கிழமை, நவம்பர் 25

ரெனே,

நாளைக்குத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. ஒருபக்கம் வான்கோழி, ஒருபக்கம் போட்டிட்சா ரொட்டிக்கு மாவு. இந்த நேரத்தில் உட்கார்ந்து உனக்கு எழுத வைத்துவிட்டாய்.

டேல் ஆண்பிள்ளை. கார் வாங்கப் பணம் சேர்க்கிறான். அது முதுகு ஒடியும் வேலை. நீ சூடான வீட்டுக்குள் இருக்கிறாய், டி.வி. பார்க்கிறாய், எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து வேண்டியதை எடுத்துச் சாப்பிடுகிறாய். அதையெல்லாம் நான் என்றைக்காவது கேட்டிருக்கிறேனா?

உன் வயதில் எனக்குக் கீழே நான்கு பேர். அம்மா படுத்த படுக்கை. அந்த நான்கு பேரையும் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பினேன். ஒருத்தர் ஒரு காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. அன்பு இருக்கிற இடத்தில் கணக்கு வராது. உனக்கு என் பிள்ளைகள் மேல் அன்பு இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

உன் வகுப்பில் படிக்கிற பெண் பாட்டி சாலோ ஒரு டாலருக்கு வரத் தயார் என்று அவள் அம்மா சொன்னார். சனிக்கிழமைக்குள் யோசித்துக்கொள்.

லொரேன் பிரெபிச்

---

சனிக்கிழமை, நவம்பர் 28

அன்புள்ள மிஸஸ் பிரெபிச் அவர்களுக்கு,

யோசித்துவிட்டேன். இன்றோடு நின்றுகொள்கிறேன்.

பாட்டி என் வகுப்புத் தோழி. அவளே வந்து, "நான் போகட்டுமாடி? நீ கோச்சுக்க மாட்டியே?" என்று கேட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. பாத்திரம், இஸ்திரி, இரட்டையர் எல்லாம் உண்டு என்று மட்டும் சொன்னேன். "அடியே, அது அஞ்சு புள்ளைங்கடி" என்றாள். ஆமாம் என்றேன். முடிவு அவளுடையது.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்களுக்குப் பதில் சொல்லாமல் போகமாட்டேன். உங்கள் வீட்டில் நான் சாப்பிட்டது குழந்தைகள் மிச்சம் வைத்தது. டி.வி.யில் பார்த்தது கார்லாவின் பொம்மைப் படம். அது போகட்டும்.

உங்கள் நான்கு தம்பி தங்கைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை நீங்கள் சகித்துக்கொண்டீர்கள் என்பதற்காக எனக்கும் அதையே செய்வீர்களா? கார்லாவுக்கும் நாளைக்கு அதையே சொல்வீர்களா?

அன்பு இருக்கிறது. அன்பு இருப்பதால்தான் ஒரு டாலர் போதும் என்றால், அன்பே இல்லாத ஒருத்தியைப் பிடித்து இரண்டு டாலர் கொடுப்பீர்களா?

வரப்போகிறவளுக்குச் சொல்லுங்கள்: ஜோயியைத் தூங்கவைக்க முதுகில் தட்டக்கூடாது, காதுக்குப் பின்னால் மெல்லத் தடவவேண்டும். நிக்கி வயிற்று வலி என்றால் அன்றைக்குப் பள்ளியில் யாரோ அவனை அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மரியாதையுடன்,
ரெனே ஹக்கலா

---

ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 10, 1982

அன்புள்ள ரெனே,

இதை உன் வீட்டுத் தபால்பெட்டியில் நானே வந்து போடுகிறேன். கதவைத் தட்டத் தைரியமில்லை.

பாட்டி இரண்டு வாரம் வந்தாள். மூன்றாவது வாரம் அவள் அம்மா போன் செய்து, பொண்ணுக்கு முதுகு வலிக்கிறது என்றார். பதினைந்து வயதில் முதுகு வலி. அதற்குப் பிறகு ஆஞ்சியின் வீட்டிலும் என் வீட்டிலுமாகப் பிள்ளைகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் எரியும். அடுப்பில் போட எடுத்தேன், போடவில்லை. கிறிஸ்மஸ் அன்று மில்வாக்கியிலிருந்து என் கடைசித் தம்பி போன் செய்தான். எனக்கு என்ன தோன்றியதோ, "டேய், சின்ன வயசுல உன்னை யாருடா வளர்த்தது?" என்று கேட்டேன். "இது என்ன கேள்வி? அம்மாதான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம். அவன் தலையில் பேன் எடுத்தது, அவனுக்கு அம்மை போட்டபோது நான் பள்ளிக்கூடம் போகாமல் அந்த வருஷத்துப் பரீட்சையை விட்டது, எதுவும் அவன் கணக்கில் இல்லை. "ஏன் அக்கா கேக்கற?" என்றான். சும்மா என்று சொல்லி போனை வைத்தேன்.

ஒன்றரை டாலர் தருகிறேன். அதற்கு மேல் ஃப்ராங்க் சம்மதிக்கமாட்டார். இரட்டையர் வேண்டாம், ஆஞ்சியிடம் சொல்லிவிட்டேன். ஜனவரி 30 கார்லாவின் பிறந்தநாள். ரெனே வருவாளா என்று தினமும் கேட்கிறாள்.

லொரேன்

---

புதன்கிழமை, ஜனவரி 13

அன்புள்ள மிஸஸ் பிரெபிச் அவர்களுக்கு,

உங்கள் தம்பி சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள்.

ஒன்றரை வேண்டாம். இரண்டு என்று கேட்டேன், இரண்டுதான். உங்கள் மேல் வீம்புக்காக இல்லை. டிசம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் பல் டாக்டர் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு டாலர். "உன் ரேட் என்னம்மா?" என்று அந்த அம்மா கேட்டார், நான் சொன்னேன், சரி என்றார். அவ்வளவுதான். உங்களிடம் இரண்டு மாதம் எழுதினதை அங்கே ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். அந்த வீட்டுப் பையன் கடிப்பான். இருந்தாலும் பரவாயில்லை.

புதன்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

கார்லாவின் பிறந்தநாளுக்குக் கண்டிப்பாக வருகிறேன். டாக்டர் வீட்டில் அன்றைக்கு லீவு கேட்டுவிட்டேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பார்க்க வருவதற்கு எனக்குக் காசு வேண்டாம். பார்த்துக்கொள்ள வருவதற்குத்தான் வேண்டும். முப்பதாம் தேதி நான் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
ரெனே

---

ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 31

ரெனே,

கார்லா நீ கொடுத்த குல்லாயைக் கழற்றாமல் தூங்குகிறாள். அதற்கு நன்றி.

நேற்று நடந்ததை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமில்லை. நீ வந்தாய், நாற்காலியில் உட்கார்ந்தாய், கேக் சாப்பிட்டாய், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அதுவரை சரி. ஜோயி நாறிக்கொண்டு தவழ்ந்து வந்து உன் முழங்காலைப் பிடித்தான். ஆஞ்சி, "ரெனே, அவனுக்குக் கொஞ்சம் துணி மாத்திவிட்டுடேன்" என்றாள். நீ அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "நான் இன்னைக்கு விருந்தாளி, அத்தை" என்றாய். என் மாமியார் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. எழுந்திருக்கப் போனேன். எழுந்திருக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நானும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஃப்ராங்க் என்னைப் பார்த்தார், ஆஞ்சியைப் பார்த்தார். கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து, "இந்தப் பின் எந்தப் பக்கம்டி குத்தணும்?" என்று கத்தினார். மூன்று பிள்ளை பெற்ற வீடு இது. நான் பதில் சொல்லவில்லை. கண்டுபிடித்துக்கொண்டார்.

ராத்திரி அவர் ஆரம்பித்தார். "பிள்ளையப் பாத்துக்கறது ஒரு வேலையா? அதுக்கு ரெண்டு டாலரா?" என்றார். "சாயந்திரம் பாத்தீங்களே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மூன்றரைக்கு வா. இரண்டு டாலர். புதன் மட்டும்தான், அதற்கு மேல் என்னால் முடியாது. சனிக்கிழமை அவருக்குச் சுரங்கத்தில் வேலையில்லை, அவர் பார்த்துக்கொள்ளட்டும். இஸ்திரி கிடையாது. பாத்திரம் நீயும் பிள்ளைகளும் சாப்பிட்டது மட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று என்னை என் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போது ஆறும் என்றும் தெரியவில்லை.

லொரேன் பிரெபிச்

---

திங்கட்கிழமை, பிப்ரவரி 1

அன்புள்ள மிஸஸ் பிரெபிச் அவர்களுக்கு,

புதன்கிழமை வருகிறேன். பேருந்து பனியில் தாமதமானால் மூன்றே முக்கால் ஆகும். அந்தக் கால் மணிக்குக் காசு வேண்டாம்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. கோபத்தோடும் வேலை பார்க்கலாம், நான் ஒரு வருஷம் பார்த்திருக்கிறேன்.

ரெனே