ஆள்காட்டி முட்டைக்குக் கல் வேலி

மார்ச் 9, ஞாயிறு

அடி கொக்கு,

சாப்பிட்டியா, தூங்கினியான்னெல்லாம் கேட்க மாட்டேன். நேரா விஷயத்துக்கு வர்றேன். ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்குடி! நம்ம பறவைக் காட்டுலயே! நாலு முட்டை!

ஆறாங்கிளாஸ்லேர்ந்து எத்தனை வசந்தம் பைனாகுலரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலைஞ்சிருப்போம்? ஒரு தடவையாவது கூட்டைப் பார்த்தோமா? நேத்து தண்ணி மோட்டார் ரூமுக்குப் பின்னாடி, சரளைக்கல் கொட்டி வச்சிருக்காங்களே, அங்க நடந்தேன். அது தலைக்கு மேல பறந்து கத்துச்சு பாரு, வட்டிக்காரன் கூட அப்படிக் கத்த மாட்டான். குனிஞ்சு பார்த்தா, என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி முட்டை. கல்லு எது முட்டை எதுன்னே தெரியலை. காலை எடுத்து வச்சிருந்தா போச்சு.

போன் வேண்டாம், கடிதம்தான்னு நாம ஒப்பந்தம் போட்டது நல்லதுக்குத்தான். போன்னா மூணாவது நிமிஷமே "ஏன்டி காலேஜை விட்டே"ன்னு ஆரம்பிச்சுடுவே. நான் நின்னுட்டேன்னு எனக்கு முன்னாடியே எங்க அம்மாகிட்ட போட்டுக் கொடுத்தவ நீ. அதை இன்னும் மறக்கலை. ஆனா இதை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? உனக்கு மட்டும்தான் சொல்றேன்.

வியாழனும் சனியும் இங்க வர்றவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பறவை காட்டுறேன். மத்த நாள் ஜெராக்ஸ் கடை. முட்டையைப் பத்திக் கவலைப்படாதே. நான் இருக்கேன்.

இப்படிக்கு,
வாலாட்டி

*

மார்ச் 14

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை வகுப்பில் ஒளித்து வைத்துப் படித்தேன். சிரித்துவிட்டேன். பேராசிரியர் எழுப்பி நிற்க வைத்துவிட்டார். உன்னால் எனக்குக் கிடைத்த தண்டனைகளில் இது எத்தனையாவது என்று எண்ணிக்கை விட்டுப்போச்சு.

நாலு முட்டை! பொறாமையாக இருக்கிறது. நான் இங்கே பறவையை வெட்டிப் போட்ட படமாகப் புத்தகத்தில் பார்க்கிறேன், நீ அதன் கண்ணைப் பார்க்கிறாய்.

அம்மாவிடம் சொன்னதற்குக் கோபம் தீரவில்லை என்று தெரிகிறது. அன்றைக்கு அவர்கள் உன்னைக் காணவில்லையென்று அழுதுகொண்டே கேட்டார்கள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

கூட்டுப் பக்கம் அடிக்கடி போகாதே. தூரத்திலிருந்தே பார். ஒரு நாள் எப்படியாவது வந்துவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் பறவை பார்க்கிற அந்த மர மறைவிடத்தில் உட்கார்ந்து, பேசாமல், குஞ்சு வெளியே வருவதைப் பார்க்கணும்.

உன்,
கொக்கு

*

மார்ச் 22, சனி

கொக்கு,

முட்டை இல்லை.

காலையில போனேன். நாலும் இல்லை. ஒரே ஒரு ஓட்டுத் துண்டு, உள்பக்கம் ஈரம். ரெண்டு பறவையும் சத்தமே போடாம பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. கத்தியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். கூட வந்த கூட்டத்தை அப்படியே விட்டுட்டு மோட்டார் ரூம் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டேன்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சிருந்தேன் தெரியுமா? எவனும் மிதிச்சிடக் கூடாதுன்னு சுத்தி வெள்ளைக் கல்லா பொறுக்கி அழகா வட்டம் வச்சேன். நேத்து வெள்ளிக்கிழமை கடைக்குப் போறதுக்கு முன்னாடி போய்ப் பார்த்தா, கல்லையெல்லாம் எவனோ கலைச்சு மூலைக்கு ஒண்ணா எறிஞ்சிருக்கான். முட்டை பத்திரமா இருந்துச்சு. விடுவேனா? ரெட்டை வட்டமா வச்சிட்டுத்தான் வந்தேன்.

அன்னிக்குத் திரும்பி வரும்போது கேட்டுல வாட்ச்மேன் விசில் மாமா சொல்றார்: "நேத்து உன் நெட்டைக் கூட்டாளி வந்துச்சே, பார்க்கலையா? மோட்டார் ரூம் பக்கம் ரொம்ப நேரம் தனியா நின்னுச்சு. இந்தா, கவர் குடுத்துட்டுப் போச்சு. நேத்தே குடுக்கணும், மறந்துட்டேன் போ."

நீ வந்திருக்கே. வியாழக்கிழமை நான் அங்கதான் இருந்தேன். என் முகத்தைக் கூடப் பார்க்காம போயிருக்கே! அந்தக் கடுப்புல கவரைப் பிரிக்கலை. கிடக்கட்டும்னு பையில போட்டேன். இப்ப எல்லாம் புரியுது. உங்க காலேஜ் அலமாரியில முட்டைங்க பஞ்சுல வரிசையா இருக்குமே, நானும் பார்த்திருக்கேன்ல. இடத்தைப் பார்த்து வச்சுக்கிட்டு முட்டையை எடுக்க உங்க ஆளுங்களை அனுப்பியிருக்கே. வேற எப்படி? உனக்கு ஒருத்திக்குத்தானே எழுதினேன்? அன்னிக்கு அம்மாகிட்ட, இன்னிக்கு இவங்ககிட்ட.

உன் கவரைப் பிரிக்காமலே இதோட வச்சுத் திருப்பி அனுப்புறேன். உன் சமாதானம் எனக்கு வேண்டாம்.

வாலாட்டி

*

மார்ச் 26

வாலு,

முட்டை போனது எனக்கும் அதிர்ச்சிதான். ஆனால் உன் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது அதிர்ச்சி வேறாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் இருந்தவளைப் பற்றி உனக்கு இப்படி ஒரு நினைப்பு ஒரே நாளில் வரும் என்று எனக்குத் தெரியாது.

யாரிடமும் நான் சொல்லவில்லை. வேறு எதுவும் எழுதப் போவதில்லை. என் கவரை நீ அனுப்பியபடியே மறுபடி அனுப்புகிறேன். இதையாவது பிரி. இதற்குப் பிறகு என்னிடமிருந்து கடிதம் வராது.

*

மார்ச் 20, வியாழன்
கேட்டுப் பக்கத்து பெஞ்சு

என் வாலு,

இதைக் கையில் கிடைத்ததும் படி. அவசரம்.

ஒரு மணி நேரத்தில் எனக்குத் திரும்பிப் போகிற பஸ். உன்னைக் கட்டிப் பிடிக்கணும் என்றுதான் ஓடி வந்தேன். நீ இருபது பள்ளிப் பிள்ளைகளோடு கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். "காலேஜ்ல படிக்கிறவங்க இதைப் படத்துல பார்ப்பாங்க. நான் நேர்ல பார்த்து, வேலியும் கட்டிட்டேன்"னு சொன்னாய். பிள்ளைகள் கை தட்டினார்கள். உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் நான் வந்து நின்று தப்பு சொல்ல மனசு வரவில்லை. மரத்துக்குப் பின்னாடியே நின்றுவிட்டேன்.

ஆனால் அந்த வட்டம் தப்புடி. முட்டை கல்லு மாதிரி இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. சுற்றி வெள்ளைக் கல் வைத்தால், இங்கே இருக்கிறது என்று காக்காவைக் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி. நீங்கள் போன பிறகு நான்தான் கல்லையெல்லாம் கலைத்துத் தூர எறிந்தேன். திரும்ப வைக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், வைக்காதே.

கோபித்துக்கொள்ளாதே. அடுத்த தடவை முழு நாள் வருகிறேன்.

உன்,
கொக்கு

*

ஏப்ரல் 6, ஞாயிறு

கொக்கு,

பிரிச்சேன். கடையில நின்னுக்கிட்டே படிச்சேன். மெஷின் பாட்டுக்கு ஒரே பக்கத்தை அறுபது காப்பி அடிச்சுத் தள்ளுது, நான் நிறுத்தலை. முதலாளி கத்தினது காதுல விழுந்துச்சு, உள்ள போகலை.

அப்பவும் நம்பலைடி. என் கொழுப்பு அப்படி. போன வாரம் சனிக்கிழமை களிமண்ணுல எட்டு முட்டை உருட்டி, டீத்தண்ணியில தோய்ச்சு, பேனாவால புள்ளி வச்சேன். நாலைச் சரளையில சும்மா வச்சேன். இருபது அடி தள்ளி நாலு, சுத்தி வெள்ளைக் கல். அப்புறம் மர மறைவிடத்துல போய் உட்கார்ந்தேன். நாம உட்கார வேண்டிய இடத்துல நான் மட்டும்.

நாப்பது நிமிஷம். ஒரு காக்கா வந்து இறங்குச்சு. தேடக்கூட இல்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு சுத்து நடந்துச்சு, கல்லைத் தாண்டி உள்ள கால் வச்சுச்சு, கொத்துச்சு. இலை போட்டு உட்கார வச்ச மாதிரி. சும்மா வச்ச நாலை சாயங்காலம் வரைக்கும் எதுவும் சீண்டலை.

உனக்கு மட்டும் சொன்னேன்னு எழுதினேன்ல? இருபது பிள்ளைங்களை நானே கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டியிருக்கேன். அது எனக்கு உறைக்கவே இல்லை பாரு. நீ கலைச்சு விட்டதை நான் ரெட்டையா வச்சேன். கவர் ஒரு ராத்திரி முழுக்க என் பையிலதான் இருந்துச்சு. கல்லு வச்ச இந்தக் கையாலதான் சோறு சாப்பிடுறேன்.

நேத்து பள்ளிப் பிள்ளைங்க ரெண்டு பேரு அம்மா அப்பாவோட வந்தாங்க. "அக்கா, முட்டை எங்கே?"ன்னு கேட்டாங்க. நான் செஞ்ச தப்பால போச்சுன்னு சொன்னேன். அதுல பொடியா இருந்த ஒருத்தி, "அப்ப வேலி போட்டீங்களே?"ன்னா. அதுதான் தப்புன்னு சொன்னேன்.

அப்புறம் தண்ணிக்கு அந்தப் பக்கம் ஆள்காட்டி கத்துச்சு. அதே கத்தல்தான், வட்டிக்காரக் கத்தல். மறுபடி முட்டை வச்சிருக்கு. எங்கேன்னு எனக்குத் தெரியாது. கூட்டத்தைத் திருப்பிக்கிட்டு வேற பாதையில போயிட்டேன்.

காலேஜை விட்டதுக்கு நீ திட்டினது, அம்மாகிட்ட சொன்னது, எல்லாத்தையும் விட்டுட்டேன். மன்னிச்சுடுன்னு கேட்க எனக்கு மூஞ்சி இல்லை. திட்டியாவது ஒரு வரி போடு.

உன்,
வாலு

பி.கு: நான் உனக்குச் செஞ்ச மாதிரி நீயும் இதைப் பிரிக்காம வச்சுடலாம். வச்சா நியாயம்தான். அதனால கவர் மேலயே, உன் விலாசத்துக்குக் கீழ, பெரிய எழுத்துல எழுதிட்டேன்: "கல் வச்சது நான். கொக்கு மேல தப்பு இல்லை." தபால்காரரும் படிக்கட்டும், உன் ஹாஸ்டல்ல எல்லாரும் படிக்கட்டும்.